மன்னார்க் கடலில் மூன்று நாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மலைக்குப் போவதுதான் கிருகஸ்தர்களின் வழக்கம். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ அறை கிடைக்காமல் திண்டாடி, குளிரைக் காட்டிலும் கூட்டத்தை அதிகமாக அநுபவித்துவிட்டு, "நல்ல இடந்தான்!" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வருவோம். சென்ற கோடையில் எங்கள் வீட்டில் இந்த வழக்கத்துக்கு விரோதமான ஒரு யோசனை கிளம்பிற்று. அதற்குக் காரணம் கொலுப் பெட்டியிலிருந்த ஒரு கல்.

அது வெண்மையான கல். ஒரு தேங்காய் அளவு இருக்கும். மேலெல்லாம் நட்சத்திரம் பொறித்தாற்போல் சின்னஞ்சிறு குழிகள். 1971-ஆம் வருஷம் என் தகப்பனாரும் தாயாரும் ராமேசுவர யாத்திரை போயிருந்தபோது, கடற்கரைக் கடை ஒன்றில் தகப்பனார் அதை வாங்கிக் கொடுத்தாராம். அது முதல் வருஷந்தோறும் எங்கள் கொலுப் பார்க்கில் அதுதான் மலை. அதன் உச்சியில் ஒரு மண் கோயில். அடிவாரத்தில் கண்ணாடித் துண்டினாலான குளம். தகப்பனார் காலமான பிறகு அந்தக் கல்லை வேறு யாரும் தொடுவதற்குத் தாயார் சம்மதிப்பதில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள், பரணில் எதையோ தேடப் போன என் பெண் அந்தக் கல்லுடன் இறங்கி வந்தாள். "பாட்டி! இது வெறும் கல் இல்லை. பவளப் பாறை. கடலில் இருக்கிற பிராணிகள் கட்டின வீடு இது" என்றாள். பன்னிரண்டு வயதுக்குள் இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சகலமும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"வீடு என்றால், வீட்டுக்காரர்கள் எங்கே?" என்று கேட்டான் அவளுடைய தம்பி.

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து என் தாயார், "ராமேசுவரத்துக்கே ஒரு தடவை போய்விட்டு வரலாமே? இதற்கு ஜோடியாக இன்னொரு கல்லும் வாங்கிக்கொண்டு வரலாம். பார்க்குக்கு ஒரு பக்கந்தான் மலை இருக்கிறது" என்றாள். பிரயாணம் நிச்சயமாகிவிட்டது.

தண்ணீருக்குள் ஒரு பூங்கா

பிரயாணத்துக்குத் திட்டம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "நாம் போகப் போவது மன்னார் வளைகுடாக் கடல் தேசீயப் பூங்கா" என்று அறிவித்தேன். "பூங்கா என்கிறீர்களே, உட்கார நிழல் இருக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். இந்தப் பூங்காவின் பெரும் பகுதி தண்ணீருக்குள் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையில் கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. இந்தத் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோ மீட்டர் பரப்பை 1986-இல் தேசீயப் பூங்காவாக ஏற்படுத்தினார்கள். 1989-இல் இதைச் சுற்றி 10,500 சதுர கிலோ மீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளின் பெயர்களைப் படிப்பதே ஒரு சுவாரஸ்யம்: குருசடை, பூமரிச்சான், மனோலி, முசல் தீவு, வாழைத் தீவு, தலையாரி, அப்பா, ஆனைப்பார். நல்லதண்ணித் தீவு என்று ஒன்று. அதன் பக்கத்திலேயே உப்புத்தண்ணித் தீவு என்று இன்னொன்று. தாகத்துடன் படகில் வந்தவர்கள் வைத்த பெயர்களாய்த்தான் இருக்க வேண்டும்.

இருபத்தொரு தீவுகள் என்று கணக்கில் இருக்கின்றனவே தவிர, எல்லாவற்றையும் இன்று கண்ணால் பார்க்க முடியாது. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலில் மூழ்கிவிட்டன. இதில் மாயம் ஒன்றும் இல்லை. தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகள்தான் அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில். கரையோர ஜனங்கள் அவற்றை முருகைக் கல் என்று சொல்வார்கள். பல வருஷ காலம் அந்தக் கல்லைச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டிடங்களுக்கும் வெட்டி எடுத்தார்கள். மதிலைப் பெயர்த்த பிறகு மணல் எத்தனை நாள் நிற்கும்? தூத்துக்குடிக்கு எதிரிலுள்ள வான் தீவும் இப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் கரைந்து வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கிப் பாதுகாத்து வருகிறார்கள்.

இதையெல்லாம் நான் உரக்கப் படித்துக் காட்டினேன். தாயார் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காற்றைக் கேட்டுத் தேதி வைப்பது

மலைக்குப் போவதென்றால் அறை கிடைக்கிற தேதியைப் பார்த்தால் போதும். இந்தக் கடலுக்குப் போவதென்றால் காற்றைக் கேட்டுத் தேதி வைக்க வேண்டும். ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக்கு விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் சாதாரணமாக அடங்கியிருக்கும். அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்குக் கடல் கொந்தளிக்கும், அது ஆண்கடல். (இதைக் கேட்ட என் மனைவி, பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று அபிப்பிராயப்பட்டாள்.) பூங்காவின் தீவுகள் யாவும் ஆண்கடலில் இருக்கின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீச ஆரம்பித்துவிட்டால் படகுப் பிரயாணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆகையால் மே மாதத்தின் நடுப்பகுதிக்குள் போய்விட்டுத் திரும்புவது உத்தமம். அப்போதும் படகு ஏறுவதைக் காலை வேளையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகுவதற்காக, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

நமக்கு விடுமுறைக் காலமான கோடை, பவளத்துக்குக் கஷ்ட காலம் என்பதையும் திட்டம் போடும்போதுதான் தெரிந்துகொண்டேன். பவளப் பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அது சமைக்கிற ஆகாரத்தில்தான் பூச்சி பெரும்பாலும் ஜீவிக்கிறது. பூச்சியின் வர்ணமும் அந்தப் பாசி தந்ததே. கடல் நீரின் உஷ்ணம் 30 டிகிரிக்கு மேல் ஏறி, வாரக் கணக்கில் அப்படியே நின்றுவிட்டால் இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிந்துவிடுகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் போகிறது. உஷ்ணம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களின் கோடைகளில் மன்னார்க் கடலில் இப்படி ஏராளமான பவளம் வெளுத்தது. எங்கள் கொலு மலையின் அழகான வெண்மை எத்தகைய வெண்மை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

பாலத்தின் மேல்

சென்னையில் சாயங்காலம் ஏறி மறுநாள் காலையில் பாம்பன் பாலத்தை அடைந்தோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தைப் பற்றிப் பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டே வந்த குழந்தைகள், புதுப் பாலத்தைக் கண்டதும் ஜன்னலண்டை போய்விட்டார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால், பழைய பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும். புதுப் பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் ஏறுகிறது. இடப் பக்கமும் வலப் பக்கமும் நீலக் கடல். எது ஆண், எது பெண் என்று என் மகன் அன்று காலையிலேயே சரியாகச் சொல்லிவிட்டான்.

முதல் நாள் முழுவதையும் தாயாருக்கே விட்டுவிட்டோம். அக்கினி தீர்த்தத்தில் ஸ்நானம், கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்கள், பிராகாரப் பிரதட்சிணம் எல்லாம் விதிப்படி நடந்தன. ராமேசுவரத்தின் கோயிலைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் அதை இங்கே விவரிக்கவில்லை. சாயங்காலம் கடைத் தெருவில் தாயார் சங்குகளைப் புரட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கல்லைப் பற்றி விசாரித்ததற்குக் கடைக்காரர் தலையை ஆட்டி, "அதெல்லாம் விற்கக் கூடாதம்மா" என்றார். வாஸ்தவந்தான். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை முதலியவை 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி, புலியையும் யானையையும் போலவே பாதுகாக்கப்பட்டவை. "உங்கள் அப்பா வாங்கும்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்றாள் தாயார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

குருசடைத் தீவு

இரண்டாம் நாள் விடியற்காலையில் பாம்பனுக்குத் தெற்கே குந்துகாலுக்குப் போனோம். சிகாகோவிலே பாரதத்தின் பெயரை விளங்க வைத்துவிட்டுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26-ஆம் தேதி இந்தக் கரையில்தான் இறங்கினார். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். குதிரையை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் வண்டியை இழுத்தபோது அரசரும் அவர்களில் ஒருவராக நின்று இழுத்தார். அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. கடலைப் பார்த்து நின்ற அந்த மண்டபத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பூங்காவின் தீவுகளில் பெரும்பாலானவற்றில் யாத்திரிகர்கள் இறங்கக் கூடாது. குந்துகாலிலிருந்து குருசடைக்கு மட்டும் வனத்துறையார் படகில் அழைத்துப் போகிறார்கள். அதுவும் கடல் அநுமதித்தால்தான். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம்.

குருசடை சிறு தீவுதான். ஆனால் உயிர்நூல் வல்லவர்களிடையே அதற்குப் பெரிய கீர்த்தி. 1927-லேயே சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையார் இந்தத் தீவின் கரையோரப் பிராணிகளைப் பற்றித் தனிப் புத்தகம் வெளியிட்டார்கள். முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் நடுவிலே உறவு சொல்லக்கூடிய பலனோகுளோசஸ் என்ற புழுவைத் தேடி எத்தனையோ கல்லூரி மாணாக்கர்கள் இங்கே வந்திருக்கிறார்கள்.

படகு கரையை விட்டதும் தண்ணீர் பச்சையாயிற்று. ஓரமாகக் குனிந்து பார்த்தால் அடியில் புல்வெளி. பூவும் விதையும் உள்ள கடற்புல் அது. இதை மேய்ந்து வாழ்வதுதான் கடல் பசு. இந்தக் கரை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி, மீன் அல்ல. கன்று ஈன்று பாலூட்டுவது. இப்போது அது மிகவும் அருகிவிட்டது. அதைக் காப்பதற்கென்று பாக்கு விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோ மீட்டரில் தனிக் காப்பகம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் கண்ணில் ஆவுளியா அகப்படவில்லை. புல்வெளியைப் பார்த்ததே போதும் என்று இருந்தது.

தீவில் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து வெளியே கிளம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மணலெல்லாம் கிளிஞ்சலும் பவளத் துண்டுகளும். என் மகன் அரை மணி நேரத்தில் இரண்டு சட்டைப் பைகளையும் நிரப்பிவிட்டான். படகில் ஏறும் சமயம் கூட வந்த காவலர் சிரித்துக்கொண்டே, "தம்பி, பையிலே இருக்கிற வீடெல்லாம் இங்கேயே இருக்கட்டும்; துறவி நண்டு குடித்தனம் தேடிக்கொண்டு வரும்" என்றார். காலியான சங்குகளுக்குள் அந்த நண்டு குடிபுகும் என்பதை விளக்கியதும், பையன் ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தான். அதற்கு வெகு நேரம் பிடித்தது. தாயார் தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாசி எடுக்கும் பெண்

கரைக்குத் திரும்பியதும் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெண்மணி எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். செம்பை நீட்டிய கையில் விரல் நுனியெல்லாம் தழும்பு. என் மனைவி, "கையில் என்ன அக்கா?" என்று கேட்டாள்.

"பாசி எடுக்கிற கை அப்படித்தாம்மா இருக்கும். துணியைச் சுத்திக்கிட்டுத்தான் முங்குவோம். இருந்தாலும் பாறை கிழிச்சுப்புடும்."

சேலைக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இந்தக் கரையில் ஏராளம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று வகைகள் உண்டு. முதலிரண்டிலிருந்து எடுக்கும் பசைதான் நம் வீடுகளில் பாலில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடும் கடற்பாசிப் பண்டம்.

"அதையா? ஏப்ரல் பிறந்தால் வாரத்துக்கு ஒரு தரம் செய்கிறேனே!" என்றாள் என் மனைவி.

"நல்லாருக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவள் அதைச் சாப்பிட்டதில்லை.

என் மனைவிக்குப் பதில் வரவில்லை. என் பெண்தான் சட்டென்று கேட்டுவிட்டாள்: "தம்பியை ஒரு கிளிஞ்சல் கூட எடுக்க விடவில்லை. நீங்கள் மட்டும் எடுக்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "கேக்கிறது சரிதான் தாயி. சட்டப்படி தீவை நெருங்கக் கூடாது. ஆனா பாசி வளர்றது தீவைச் சுத்தித்தானே? எங்க ஆத்தா காலத்திலேருந்து இதுதான் பொழைப்பு. அதனாலே நாங்களே கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கோம். மாசத்துலே பன்னெண்டு நாளுதான் போவோம். மீன்பிடித் தடையிலே போக மாட்டோம். இப்போ வீட்டுலே சும்மா இருக்கேன்னா அதுக்குத்தான். இரும்பு வச்சுச் சுரண்டக் கூடாது. அடியை விட்டுட்டு எடுத்தா பாசி மறுபடி வளரும். கல்லு அப்படியில்லே. கல்லு விரக்கட வளர என் பேத்தி பெரியவளாயிருவா."

அடுத்த வருஷமும் பாசி வேண்டும் என்கிறவள் அவள். திரும்பிப் போக டிக்கெட் வாங்கி வைத்திருக்கும் நாங்களோ மூன்று நாள் விருந்தாளிகள். பூங்காவைக் காப்பாற்றுவதிலே யாருக்கு எவ்வளவு கவலை இருக்கும் என்று யோசித்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கரையோரத்தாரின் பிழைப்பைக் கெடுக்காமல் கடலைக் காப்பது எப்படி என்பது சுலபமான கேள்வி அல்ல. அதற்கு விடை தேடுகிறவர்கள் அந்தப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுவது நல்லது என்று மட்டும் எனக்குத் தோன்றிற்று.

அப்போது தாயார் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, என் தகப்பனாரின் பழைய மேல்வேஷ்டித் துண்டில் சுற்றி, அந்தக் கல் இருந்தது. ஜோடிக்கு அளவு பார்ப்பதற்காக எங்களுக்குத் தெரியாமல் கொண்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, இதை இங்கே போட்டால் மறுபடி உயிர் வருமா?" என்று கேட்டாள்.

"வராது ஆத்தா" என்றாள் அந்தப் பெண். பிறகு கல்லை வாங்கிக் குழிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆனா மீன்குஞ்சு ஒளிஞ்சுக்கிறதுக்கு ஆகும்" என்றாள்.

தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையை அசைத்தாள். அந்தப் பெண் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குனிந்து, கல்லை அடியிலே பதமாக வைத்துவிட்டு வந்தாள். துணியை மட்டும் தாயார் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு

அன்று மாலை தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் புயலும் கடலும் சேர்ந்து அந்த ஊரை அழித்தன. பிரயாணிகளுடன் ஒரு ரயிலும் போயிற்று. இடிந்த கோயிலின் சுவரில் முருகைக் கற்கள் தெரிகின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரையில் நல்ல ரஸ்தா இருக்கிறது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பூநாரைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் போய்ப் பயனில்லை; அவை பனிக்காலத்து விருந்தாளிகள். மூன்றாம் நாள் மண்டபத்தில் ஆண்கடல் கரையில் நடந்துவிட்டு ரயில் ஏறினோம்.

எங்களைப் போல் மூன்று நாள் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படகை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். காற்று கெடுத்தாலும் மூன்றாம் நாள் கையிலிருக்கும். பகல் பதினொன்று முதல் நான்கு வரை வெயிலில் அலையாதீர்கள். குடை, தொப்பி, குடிதண்ணீர் அவசியம். தண்ணீர்ப் பாட்டில்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கடலில் நின்றால் பாறை மேல் காலை வைக்காதீர்கள். ஒரு அரை நாளை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், கரையோரத்து மனிதர்களுடன் பேசுவதற்கு விட்டு வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு என் மனைவி கடற்பாசி செய்தாள். நன்றாய்த்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு நாள் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வரும் நவராத்திரிக்கு எங்கள் கொலுப் பார்க்கில் மலை கிடையாது. அந்த இடத்தில் நீலக் காகிதத்தை விரித்து இருபத்தொரு தீவு வைக்கப் போவதாகக் குழந்தைகள் சொல்கிறார்கள். இரண்டைத் தண்ணீருக்கு அடியில் வைப்பது எப்படி என்பதில்தான் அவர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.